நாலரை மணிப் பாடம்

செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிமேல் ஏறி, சுவர்க்கடிகாரத்தை இறக்கிக்கொண்டிருந்தார் இரண்டாம் வகுப்பு டீச்சர். பேட்டரியைப் பிடுங்கினார். முன்கண்ணாடியையும் கழற்றினார். "இந்த வாரம் முழுக்க இவருதான் உங்க வாத்தியார். தொட்டுப் பாருங்க, கடிக்க மாட்டாரு!" திங்கட்கிழமை காலையோடு என் நிம்மதி போயிற்று. நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. இரண்டு வகுப்புக்கும் நடுவே இருப்பது வெறும் அரைச்சுவர்.

டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். கொண்டையில் ஒரு சாக்பீஸைச் செருகிவிட்டு, மேசையெல்லாம் சாக்பீஸ் தேடுவார். பொய் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. இரண்டு நிமிடம் பிந்தி வந்தால் பதிவேட்டில் தானே 'தாமதம்' என்று எழுதிவிடுவார். "எழுதாட்டி தலையா போயிடும்?" என்று கேட்டால், "தூக்கம் வராதுப்பா" என்பார். இப்படி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியமா, சொல்லுங்கள்!

மணி பார்க்கும் பாடம் அடுத்த மாதம்தான் வரவேண்டும். அதை முன்னால் இழுத்தது ஒரு பெண்பிள்ளைக்காக. தாயில்லாப் பிள்ளை, அப்பா பஸ் டிரைவர். மூன்றரைக்குப் பள்ளி விட்டால் நாலரைக்குத்தான் அவரால் வர முடியும். அந்த ஒரு மணி நேரமும், "அப்பா வரமாட்டாரா?" என்று அழுது தீர்ப்பாள். தலைமையாசிரியை அவள் எதிரிலேயே சொல்லிவிட்டார்: "இது பள்ளிக்கூடமா, சத்திரமா? இனிமே நாலரைக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் வேற பள்ளிக்கூடம் பாத்துக்கச் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் முள்ளைத் திருகித் திருகி ஆறு தடவை மதியச் சாப்பாட்டு நேரம் வரவழைத்தார்கள். அந்தக் கூச்சலில் என் பெருக்கல் வாய்ப்பாடு அடிபட்டுப் போனது. சாயங்காலம் பேட்டரியைப் போட்டு, பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கடிகாரத்தை மாட்டுவார் டீச்சர். "பெரிய முள்ளு ஒரு சுத்து சுத்தி மறுபடியும் கீழ ஆறுல வந்து நிக்கிற வரைக்கும் அழ வேணாம்டி தங்கம். அப்பா வேலையில இருக்காரு, அவ்வளவுதான்."

வியாழக்கிழமை அவள் அழவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாக நாலரைக்கு அப்பா வந்து நின்றார். அரைச்சுவருக்கு மேலாக எட்டி, "பாத்தியா!" என்று என் தோளில் ஓங்கி ஒன்று போட்டார் டீச்சர். வலித்தாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை நாலரை ஆயிற்று. அப்பா வரவில்லை. மணி பார்க்கத் தெரிந்துவிட்டால், பிந்துவதும் தெரிந்துவிடும் என்பதை டீச்சர் யோசிக்கவில்லை, நானும்தான். நாலு முப்பத்தைந்து. பிள்ளையின் உதடு பிதுங்கியது. அந்த நேரம் பார்த்துத் தாழ்வாரத்தில் தலைமையாசிரியையின் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

அவள் எழுந்து போனாள். ஒற்றை விரலால் பெரிய முள்ளை ஏழிலிருந்து நாலுக்குத் தள்ளினாள். திரும்பி வந்து கை கட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கப்பா இன்னும் லேட் ஆகல டீச்சர்."

டீச்சர் பொய் சொல்ல மாட்டாரே!

தலைமையாசிரியை உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். "என்ன, இன்னும் நாலரை ஆகலையா?"

டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்து, தன் கைக்கடிகாரத்தை மூடிக்கொண்டார்.