கசாயம் குடித்த முகம்

மூலிகைப் பண்டிதர் சோவானுக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. தான் போன பிறகும் நாலு தலைமுறை தன் படத்தைப் பார்த்து, "எப்பேர்ப்பட்ட கம்பீரம்!" என்று வாய் பிளக்க வேண்டும். அறுபது நிறைவதற்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு சுருள் ஓவியம் தீட்டித் தரப்போகிறார்கள் என்று தெரிந்ததும், ஒசாகாவின் மருந்துக்கடைத் தெருவில் மனிதரின் கால் தரையில் பாவவில்லை.

கறுப்புப் பட்டு அங்கியும் மடியில் மூலிகை நூலுமாக, ஓவியர் பைரின் எதிரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாதியில் பைரினுக்கு வயிற்றைப் பிசைந்தது. சோவான் விடுவாரா? செம்புரி என்ற படுகசப்பு மூலிகையில் கசாயம் காய்ச்சி, வழக்கம்போல முதல் மிடறைத் தானே விழுங்கிக் காட்டினார். நோயாளிக்குக் கொடுப்பதை முதலில் தான் குடிப்பது அவருடைய பிடிவாதம். ஆனால் கசப்பு அவருக்கு ஒருநாளும் சலுகை காட்டியதில்லை. பைரின் அவரையே வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கிண்ணத்தை வாங்கினார்.

அறுபதில் மனிதன் மறுபடி குழந்தையாகப் பிறக்கிறான் என்பது அந்த ஊர் ஐதீகம். பிறந்தநாள் விருந்தன்று முறைப்படி, குழந்தைக்குப் போடுவதுபோல் செந்தொப்பியும் செஞ்சட்டையும் மாட்டிவிட்டார்கள்.

"ஏங்க, தொட்டில் ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் மனைவி ஒகுமே.

"சிரி, சிரி. படத்தைப் பாத்தாத் தெரியும் நான் யாருன்னு."

தலைமை விருந்தாளிக்கு இடம், கூடத்துச் சுவரில் படம் மாட்டவென்றே இருக்கும் மாடத்துக்கு முன்னால்தான். அங்கே மாட்டும் ஓவியத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். சோவான் உட்கார்ந்ததும் பின்னால் சுருளைத் தொங்கவிட்டார்கள். விருந்தினருக்கு முதுகு காட்டித் திரும்புவது மரியாதையில்லை. அதனால் எதிரே இருந்த முகங்களில் தன் கம்பீரத்தைத் தேடினார். மூத்த மாணவனுக்குக் குடித்த சாக்கே மது புரையேறியது. மருந்து வியாபாரி ஒருவர் அங்கிக் கையைக் கடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கா?" என்று ஒகுமேயிடம் கிசுகிசுத்தார்.

"உங்களையே உரிச்சு வெச்சிருக்குங்க." அவள் கண்ணில் நீர் முட்டியது.

மரியாதையாவது மண்ணாவது! திரும்பிவிட்டார்.

அங்கி இருந்தது, நூல் இருந்தது. அவற்றுக்கு மேலே ஒரு கண் மூடி, மறு கண் பிதுங்கி, உதடு காதுவரை கோணிய ஒரு முகம். கையில் கசாயக் கிண்ணம். கோபத்தில் சோவானின் முகமும் அச்சு அசலாக அப்படியே கோணியது. கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

"யோவ் பைரின்! மானத்தை வாங்கிட்டியேய்யா! நாலு தலைமுறை இதைப் பாத்துச் சிரிக்கணுமா?"

கடைசி வரிசையில் டோஃபு விற்கும் ஒதொரா எழுந்தாள்.

"சிரிக்கட்டும் ஐயா. எம்பொண்ணு காய்ச்சல்ல பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தப்போ, இந்த மூஞ்சியப் பாத்துத்தான் சிரிச்சா. அந்தச் சிரிச்ச வாயிலதான் நீங்க மருந்த ஊத்துனீங்க. இல்லேன்னா இன்னிக்கு இவ ஏது?"

பக்கத்தில் அந்தப் பெண், இடுப்பில் தன் குழந்தையோடு தலையாட்டினாள். சிரிப்பு அடங்கிவிட்டது. சோவான் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார். செந்தொப்பியைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, கம்பீரம் கெடக்கட்டும். ஆனா இதை இங்க மாட்டாதீங்க, மருந்து கொடுக்கிற அறையில மாட்டுங்க. ஒரு கோணமூஞ்சிக்கு வாயைத் தொறக்காத குழந்தை, ரெண்டைப் பாத்தாத் தொறக்கும்."