வலது பக்கத்து இருக்கை

“ஸ்டியரிங் இல்லாத சீட்டுல உக்காரத்தான் நீ சரி.”

சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொண்டுபோய்க் காட்டிய அன்று எங்கள் மேனேஜர் சொன்னது இது. அட்டையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. நுவரெலியாவில் நான் வேலை செய்த ஹோட்டலில் எல்லாரும் அவரை ‘சேர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் தமிழர்தான், டவுனில் கடை வைத்திருந்த குடும்பம். தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவர்களிடம் பேசும்போது மட்டும் அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணும்.

நான் டயகமப் பக்கம். அம்மா கொழுந்து எடுக்கிறவர். எங்கள் வீட்டில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. வரவேற்பு மேசையில் மூன்று மொழியிலும் பேச என்னை விட்டால் அங்கே ஆள் இல்லை. கொழும்பில் இருக்கும் முதலாளி ஒருமுறை வந்தபோது, லைசன்ஸ் எடுத்துவிட்டால் ஏப்ரல் சீசன் முடிந்ததும் நானு ஓயா ஸ்டேஷனில் இருந்து விருந்தினரை ஏற்றி வரும் வேனை எனக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் ஆறு மாதம் லீவு நாளெல்லாம் ஓட்டிப் பழகினேன்.

முதலாளியிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே இருக்கை. வெளிநாட்டில் இருந்து வந்தபடியே, ஸ்டியரிங் இடது பக்கம். சீசன் வந்தால் ஹோட்டல் வாசலில் அதை நிறுத்தி வைப்பார்கள், ஆட்கள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். ஸ்டியரிங்கை வலது பக்கம் மாற்றினால் காரின் மதிப்பே போய்விடும், இடதுதான் அசல் என்று மேனேஜர் விருந்தினரிடம் விளக்குவார். எனக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. அசலாக இருந்து என்ன? நம் ரோட்டில் இடது ஓரமாகப் போக வேண்டும், முன்னால் போகிற வண்டியை வலது பக்கமாக முந்த வேண்டும். இந்தக் காரை ஓட்டுகிறவர் கான் ஓரத்தில், சாக்கடையை ஒட்டி, தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு பஸ் போனால் அவருக்குத் தெரிவது அதன் பின்பக்கமும் புகையும்தான். அதனால் அதை வெளியே எடுக்கும்போதெல்லாம் வலது இருக்கையில் ஒருவர் ஏறி, எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பஸ்ஸை முந்த இரண்டு பேர் தேவைப்படும் காரைப் பெருமை என்று வைத்திருந்தார்கள்.

அந்த ஏப்ரலில் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஹட்டனில் ஒரு கண்காட்சிக்குக் காரைக் கொண்டுபோக வேண்டும். ஓட்டுவது மேனேஜர். மழைத் தூறலுக்குத் துணிக்கூரையை மூடியிருந்தோம்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வழியெல்லாம் ரோட்டோரத்தில் நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் வண்டி ஓட்டுவார் என்பது இங்கே எல்லார் கண்ணுக்கும் பழகிப்போன விஷயம். ஒரு பிள்ளை சிவப்புக் கார் ஓட்டிப் போகிறாள் என்று நினைத்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். நானு ஓயாவில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கைகூட அசைத்தேன்.

லிந்துலை தாண்டியதும் டயகமவில் இருந்து தலவாக்கலைக்குப் போகும் பஸ் எங்கள் முன்னால் மாட்டியது. முந்தலாமா என்று மேனேஜர் கேட்டார். லொறி வருது, பொறுங்க சேர் என்றேன். நான் சொல்வதற்காகப் பொறுப்பதா என்று நினைத்தாரோ என்னவோ, முந்துவதற்குக் காரை வலது பக்கம் எடுத்தார். லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. பிரேக்கை மிதித்து இடது பக்கம் ஒடித்ததில் கார் வழுக்கிப்போய் ரோட்டோரக் கல்லுக்கட்டில் உரசி நின்றது. அவர் பக்கத்துக் கதவு முழுக்கக் கீறல்.

பஸ்ஸும் நின்றது. பின்சீட்டில் இருந்து கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே வந்த ஓர் அத்தை இறங்கி ஓடி வந்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நாலாவது வீடு, அம்மாவோடு மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர். என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டி, “ஒனக்கு ஒண்ணும் ஆகலியே பிள்ள? மெதுவா ஓட்டக் கூடாதா?” என்று கேட்டார்.

ஒன்றும் ஆகவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை மேனேஜர் பார்த்தார்.

அன்று மாலை முதலாளிக்குத் தொலைபேசியில் அவர் சொன்னது இதுதான்: நான் கெஞ்சிக் கேட்டேனாம், பாவம் என்று ஓட்டக் கொடுத்தாராம், நான் கொண்டுபோய் உரசினேனாம். பஸ்ஸில் வந்தவர்களே சாட்சியாம்.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கதை. நான் சிவப்புக் கார் ஓட்டினது லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். “அப்ப நீ ஓட்டலியா?” என்றார். அப்படியே திரும்பி அடுப்பைப் பார்க்கப் போனார். மேனேஜரின் பொய்யைவிட அது எனக்கு அதிகமாக வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். மேனேஜர் வேனை அனுப்பி அந்த அத்தையை அழைத்து வந்திருந்தார். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ஏதோ பாராட்டு நடக்கப்போகிறது என்று நினைத்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தார். யார் ஓட்டினது என்று மேனேஜர் கேட்டதும், நம்ம பிள்ளதான் என்றார், அவ்வளவு பெருமையாக. முதலாளிக்குத் தமிழ் தெரியாது. மேனேஜர் அதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் பேச்சை முடிக்கப் பார்த்தார்.

எனக்கு அத்தை மேல் கோபம் வரவில்லை. கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன்.

“நான் எந்தப் பக்கம் உக்காந்திருந்தேன் அத்த?”

“சோத்தாங்கைப் பக்கம். ஓட்டுறவங்க வேற எங்கிட்டு உக்காருவாங்க?”

“நல்லாப் பாத்தீங்களா?”

“கண்ணாடியைத் தட்டுனதே அங்கிட்டுதானே. சேர் இந்தப் பக்கம் முழிச்சிக்கிட்டு இருந்தாரு.”

அதை ஒரு வார்த்தை விடாமல் நானே முதலாளிக்குச் சிங்களத்தில் சொன்னேன். கார் வாசலில்தான் நின்றது. முதலாளி அதைப் பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்தார். அத்தை காருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “இது என்னா, பீச்சாங்கைப் பக்கம் ஓட்டுற காரா? எந்தக் கோட்டிக்காரன் வாங்குனது?” என்று கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

நியாயம் கிடைத்துவிட்டது என்று ஒரு நிமிடம் நம்பினேன். முதலாளி சிரித்தார். கதவைச் சரிசெய்யச் சொன்னார். மேனேஜருக்கு ஒரு கடும் சொல் இல்லை, என்னிடம் வருத்தம் தெரிவித்து ஒரு வார்த்தை இல்லை. வேன் விஷயத்தைக் கேட்டேன். இந்த ரோடு பெண்பிள்ளைக்குச் சரிவராது, வரவேற்பு மேசையில்தான் நான் அழகு என்றார். மேனேஜரின் வாய் மறுபடியும் ஒரு பக்கம் கோணியது. ஒருவன் பொய் சொல்லித் தள்ளினான், மற்றவன் உண்மை தெரிந்தும் தள்ளினான். இரண்டு பேரையும் இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

அடுத்த நாள் ராஜினாமாக் கடிதத்தைச் சிங்களத்தில் எழுதி முதலாளிக்கும், தமிழில் எழுதி மேனேஜருக்கும் கொடுத்தேன். மேனேஜருக்குக் கொடுத்த கடிதத்தில் காரின் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, வேறொரு விடுதியின் வேனை நானு ஓயா ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போனேன். காலை ரயிலில் வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், அவர் ஊர்ப் பழக்கத்தில், முன்சீட்டில் ஏற வலது பக்கக் கதவைத் திறந்தார். அங்கே நான் இருந்தேன். மற்றப் பக்கமாக வந்து ஏறுங்கள் என்று சொல்லிவிட்டு வேனை ஸ்டார்ட் செய்தேன்.