திரும்பிப் பார்க்காத நடை

மாரடைப்பு வந்து ஆசுப்பத்திரியால வீட்டை வந்த அண்டைக்கே என்னைக் கண்ணாடிச் சாமான் ஆக்கிப் போட்டினம். மல்வேர்னில எங்கட டவுன்ஹவுஸில படுக்கிற அறை மேல் மாடியில. மனுசி உடன கட்டிலைக் கீழ இறக்குவிச்சா. பாக்க வந்த சனமெல்லாம் ஆட்டெலும்பு சூப்பும் புத்திமதியும் கொண்டு வந்திச்சினம். "அண்ணை, அசையாதேங்கோ. இந்த வயசில நெஞ்சுக்கு வேலை குடுக்கக் கூடாது." தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவவும் விடேல்லை.

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. ஆனா பயமும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. குளியலறைக்குப் போய் வரவே இளைச்சுது. மிச்சக் காலமும் உந்தக் கட்டிலோடதான் போகப் போகுதோ எண்டு யோசிச்சன்.

ஆசுப்பத்திரியில என்னைப் போல ஆக்களுக்கு ஒரு உடற்பயிற்சி வகுப்பு வைக்கினம். அங்க சொல்லித்தாற பிள்ளை முதல் நாளே எங்கட சனத்தின்ர புத்திமதியெல்லாத்தையும் தூக்கி எறிஞ்சு போட்டுது. வயசு போகப் போக இதயத்தின்ர சதை விறைச்சுக் கொண்டு வருமாம். ஒழுங்கா நடந்தா அந்த விறைப்பு அவ்வளவு கெதியில ஏறாது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலயும் கூடுதலா ரத்தத்தைத் தள்ளும், சும்மா இருக்கேக்க அந்தரப்பட்டு அடிக்கத் தேவையில்லை. "கதைச்சுக் கொண்டு நடக்க ஏலுமெண்டா அதுதான் உங்கட வேகம்" எண்டும் சொன்னது.

வெளியில பனி கொட்டிக் குவிஞ்சு கிடந்தது. அதால கடையள் திறக்க முன்னம் மோலுக்குள்ள நடந்தன். மனுசி தனிய விடமாட்டன் எண்டு, நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசையோட பின்னால வந்தா. கலியாணம் முடிச்ச நாளில இருந்து எங்கட நடை அப்பிடித்தான்: நான் முன்னுக்கு, அவ பின்னுக்கு. கோயிலுக்குப் போனாலும் சரி, செத்தவீட்டுக்குப் போனாலும் சரி. எங்கட ஆம்பிளையள் திரும்பிப் பாக்கிறேல்லை, பொம்பிளையள் கூப்பிடுறதும் இல்லை.

முதல் கிழமையில மோலின்ர பாதித் தூரத்தில குந்தினனான். பனி கரைய முன்னம் முழுச் சுத்து வந்தன். நாடி பிடிச்சுப் பாத்தா, முந்திப் போல பாயாமல் நிதானமா அடிச்சுது. ஒருநாள் ஆருக்கும் சொல்லாமல் மாடிப்படி ஏறினன். மேல நிண்டு பாத்தா மூச்சு வாங்கேல்லை. அண்டு பின்னேரமே மகனைக் கூப்பிட்டுக் கட்டிலை மேல ஏத்துவிச்சன். சந்தோசத்தில எனக்குக் கண் கலங்கிப் போச்சு.

அதுக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். ஒருநாள் வேகமா நடந்து கொண்டு, கதைக்க ஏலுமோ எண்டு பாப்பம் எண்டு பின்னால வாற மனுசியோட கதை குடுத்தன். சூப்புக் கொண்டு வந்த ஆக்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி சொன்னன். மறுமொழி இல்லை. உதுக்கெல்லாம் சிரிக்கிற ஆள். திரும்பிப் பாத்தன், ஆள் இல்லை.

வந்த வழியால ஓடினன். பூட்டியிருந்த சப்பாத்துக் கடைக்கு முன்னால கிடந்த வாங்கில குந்தியிருந்தா. முகமெல்லாம் வேர்வை.

"என்னப்பா, என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை. எந்த நாளும் உதில இருக்கிறனான்தான். நீங்கள் சுத்தி வரேக்க எழும்பிப் பின்னால வாறனான்."

பக்கத்தில இருந்து அவவின்ர கையைப் பிடிச்சு நாடி பாத்தன். என்ர விரலுக்குக் கீழ அது கிடந்து ஓடிச்சுது. சும்மா இருக்கிற ஆளுக்கு அப்பிடி ஓடக் கூடாது.

"எவ்வளவு நாளா உப்பிடி இளைக்குது?"

"நீங்கள் நெஞ்சு வருத்தத்தில விழ முதலே இருந்து."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

மனுசி நிலத்தைப் பாத்துக் கொண்டு சொன்னா: "வீட்டில ஒரு வருத்தக்காரர் போதுமெண்டு நினைச்சன்."