வெறும் குழலில் ஒரு படி

காலை ஒன்பது பத்து. முதலில் கண்ணில் பட்டது, இரும்புத் தொட்டியின் விளிம்பிலிருந்து தரைக்கு வழிந்த வெள்ளைப் புகை. தொட்டியில் திரவ நைட்ரஜன். அதற்குள் இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு காந்தச் சுருள் மூழ்கிக் கிடந்தது. சுற்றிலும் மணல் மூட்டைகள்.

அசோக் நகர் வீட்டில் தங்கை மறந்துவிட்டுப் போன டிபன் டப்பாவைக் கொடுக்கத்தான் அடையாறில் அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். பத்திரிகையில் எனக்கு மாலை ஷிப்ட். "வந்ததே வந்த, ஒரு ஷாட் பாத்துட்டுப் போண்ணா" என்றாள்.

அவள் வளர்த்த படிகம் கடுகைவிடச் சிறியது. அதை ஒரு பிளாஸ்டிக் குழலில் ஒட்டி, முடியை விட மெல்லிய கம்பி சுற்றிய நுண்சுருளுக்குள் வைத்து, காந்தச் சுருளின் நடுவில் இறக்குவார்கள். பக்கத்து அறையில் மெதுவாகச் சேர்த்து வைத்த மின்சாரம் அத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் அதில் பாயும். பூமியின் காந்தப் புலத்தைப் போலப் பல லட்சம் மடங்கு புலம் எழுந்து அடங்கும்; இதுதான் ஒரு ஷாட். அதற்குள் படிகம் என்ன செய்தது என்பதை நுண்சுருள் பதிவு செய்துவிடும்.

படிகம் இல்லாமலும் ஒரு ஷாட் வேண்டும். முதல் பதிவிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது படிகத்துடையது. ஆனால் ஒவ்வொரு ஷாட்டிலும், 'காயில்' என்று அவர்கள் சொல்லும் காந்தச் சுருள் கொஞ்சம் தேயும். அதனால் அங்கே ஒரு சிக்கனம்: வெறும் குழலின் பழைய பதிவு ஒன்றையே எல்லாவற்றிலிருந்தும் கழிப்பார்கள். தங்கையும் அப்படித்தான் கழித்திருந்தாள். வளைகோட்டில் ஓரிடத்தில் திடீர் ஏற்றமாக ஒரு படி தெரிந்தது. யாரும் அதுவரை கண்டிராத படி. அவளுடைய முனைவர் பட்டமே அதை நம்பி இருந்தது. அவள் வழிகாட்டி அன்று பதினொரு மணிக்கு வெளியூர்க் கருத்தரங்கில் அதைப் பற்றித்தான் பேசவிருந்தார்.

அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை அனுப்பும் முன் வெறும் குழலைப் புதிதாக ஒருமுறை பார்த்துவிட நினைத்தாள்.

"இன்னாத்துக்குக்கா? காயில் பாவம், கீறதே ஒண்ணு" என்றான் அவளுடைய ஜூனியர். சிந்தாதிரிப்பேட்டைக்காரன்.

"சுத்தமா இருக்கட்டும்டா."

"சரி. அண்ணா, காதைப் பொத்திக்கோங்க. நாங்க போய்ட்டா உங்க பேப்பர்ல நல்ல போட்டோவா போடுங்க."

வெளியே வந்து கதவைப் பூட்டினோம். டம். சத்தம் தரை வழியாக உள்ளங்காலில் அடித்தது. அவர்கள் இருவரும் சாதாரணமாகக் கணினித் திரைக்குப் போனார்கள்.

அங்கே அதே இடத்தில் அதே படி.

ஜூனியர் திரையை நோக்கிக் குனிந்து, "கல்லை எடுத்தியாக்கா, நெஜமா?" என்றான்.

மேசைமேல் இருந்த கண்ணாடி டப்பியை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். படிகம் அதற்குள் இருந்தது.

"அப்போ இன்னா ஆடுது உள்ள?"

"குழலைத் தாங்குற ராடு. போன மாசம் கழட்டி மாட்டினோமே, எங்கேயோ இடிக்குது. பழைய பதிவு அதுக்கு முன்னாடி எடுத்தது, அதான் கழிச்சும் இது போகல." அவள் குரல் தட்டையாக இருந்தது.

வழிகாட்டிக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். "சார், அந்தப் படி கல்லோடது இல்ல. காலிக் குழல்லயும் வருது."

"இன்னொரு ஷாட் போட்டுப் பாரும்மா."

"காயில் குளிர மத்தியானம் ஆயிடும் சார். அந்த ஸ்லைடை எடுத்துடுங்க."

"பாக்கறேன்மா." தொடர்பு துண்டிக்கப்பட்டது.

"எடுத்துருவாருக்கா" என்றான் ஜூனியர். கருத்தரங்கின் நேரலையை மடிக்கணினியில் திறந்து வைத்தான். மூவரும் நின்றபடியே பார்த்தோம்.

பதினொரு மணிக்கு அவர் பேசத் தொடங்கினார். மூன்றாவது ஸ்லைடாக அந்தப் படி வந்தது.