எங்கள் நூலகத்துக்கு ஒரு கழிப்பறை

ராயபுரத்தில் எங்கள் கிளை நூலகத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீடு ஒரே அறை. துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்து வரும் அப்பா அதில்தான் தூங்குவார், தம்பி அதில்தான் போனில் கிரிக்கெட் பார்ப்பான், அம்மாவின் குக்கர் அதில்தான் விசிலடிக்கும். அரசு வேலைக்கான குரூப் தேர்வுக்குப் படிக்க எனக்கிருந்த ஒரே இடம் நூலகத்தின் ஜன்னலோர நாற்காலி.

அதிலும் ஒரு சிக்கல். நூலகத்தில் கழிப்பறை கிடையாது. ஆண்களுக்குப் பின்பக்கச் சுவர் இருந்தது. எங்களுக்கு என்ன இருந்தது? காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், நாக்கு வறள வறள இந்திய அரசியலமைப்பை மனப்பாடம் செய்வோம். தாங்க முடியாமல் வீட்டுக்கு ஓடிவிட்டுத் திரும்பினால் நாற்காலியில் வேறு யாராவது சட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அன்றைய படிப்பு அவ்வளவுதான்.

ஒருநாள் இன்ஜினியர் வரைபடத்தோடு வந்தார். வாசகர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, "என்னென்ன வேணும், தயங்காம சொல்லுங்க" என்றார். பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள் தயங்கவே இல்லை. ஏசி வேண்டும், வைஃபை வேண்டும், வாசலில் ஒரு தலைவர் சிலை வேண்டும். எந்தத் தலைவர் என்பதில் சண்டை பிடித்துக்கொண்டது. பெண்கள் பக்கத்தில் நாங்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தோம். அத்தனை ஆண்கள் முன்னால் அந்த வார்த்தையை யார் சொல்வது? நூலகர் மேடம்கூட வாய் திறக்கவில்லை. இத்தனைக்கும் அவசரமென்றால் அவர் எதிர்த்தெரு டெய்லர் அக்கா வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

சிலைச் சண்டை முடிகிற மாதிரி தெரியவில்லை. எனக்கோ முட்டிக்கொண்டு வந்தது. வெட்கமாவது ஒன்றாவது என்று எழுந்து நின்றுவிட்டேன்.

"உனுக்கு இன்னாமா வோணும்?" என்றார் சிலை கேட்ட பெரியவர்.

"எனக்கு இப்பவே பாத்ரூம் போவணும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "போயிட்டு வாம்மா. இதுக்கெல்லாமா பர்மிஷன்?" என்றார் இன்ஜினியர்.

"எங்க சார் போறது? எங்க வூடு அம்மாந்தூரம், கல்மண்டபத்தாண்ட கீது!"

சிரிப்பு சட்டென்று நின்றது. அவர் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். மூலை மூலையாகத் தேடினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மீதியைப் பார்க்க எனக்கு நேரமில்லை, ஓடிவிட்டேன்.

வேலை முடிந்து திறப்பு விழாவும் நடந்தது. ரிப்பன் வெட்டியவர்கள் காரேறிப் போனதும் நாங்கள் புத்தக அலமாரிகளை ஏறெடுத்தும் பார்க்காமல் பின்பக்கம் பறந்தோம். நீல டைல்ஸ், பெண் படம் ஒட்டிய பளபளப்பான கதவு. அதில் ஒரு பூட்டு!

"தொறந்து வுட்டா ஒரே நாள்ல கலீஜ் ஆயிடும்மா. மேலதிகாரி யாராச்சும் வந்தா தொறந்துக்கலாம், இன்னா இப்போ?" என்றார் உதவியாளர் அண்ணன், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பூட்டைக் கடித்தே திறந்திருப்பேன். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். சத்தம் கேட்டு நூலகர் மேடம் வந்தார். எங்களைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் எங்களைப் பார்க்கவேயில்லை. உதவியாளரிடம் கையை நீட்டினார்.

"சாவி குடுங்கண்ணே."

"மேடம், இப்பத்தான் புச்சா..."

"குடுங்க."

வாங்கினார், திறந்தார், உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் சோவென்று கொட்டியது. அவ்வளவுதான், கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஒருத்தி விசிலடித்தாள். எதற்கென்றே தெரியாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர்களும் சேர்ந்து தட்டினார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மேடம் முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. சாவியைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"அடுத்து யாரு?" என்றார்.

எல்லோரையும் தள்ளிக்கொண்டு நான்தான் போனேன். அன்று நூலகம் மூடும்வரை நான் வீட்டுக்குப் போகவேயில்லை.