கிராப்பு வெட்டும் கேமரா

பொகவந்தலாவை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் சலூனும் அழகுமுத்துவின் ஸ்டூடியோவும் ஒரே பலகைச் சுவரைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. நான் தலையைத் திருத்துவேன். அவன் அதைப் படம் பிடிப்பான். அடையாள அட்டையில் ஒருவன் திருடன் மாதிரி விழித்தால் பழி அவனுக்கு. காது துருத்திக்கொண்டு நின்றால் பழி எனக்கு. பதினைந்து வருஷம் இப்படித்தான் ஒற்றுமையாக இருந்தோம்.

அழகுமுத்துவுக்கு ஒரு திமிர் உண்டு. குடும்பப் படம் எடுக்கும்போது கேமராவுக்குள் பார்க்கவே மாட்டான். ஆட்களை வரிசையாக நிறுத்தி, அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக எட்டு எட்டு வைப்பான். கேமராவை நெஞ்சோடு அணைத்து, மூச்சை அடக்கச் சொல்லி, அமுக்கிவிடுவான். கண்ணை இடுக்கிப் பார்ப்பவன் கத்துக்குட்டி என்பது அவன் கட்சி. அவனுடைய ஃபிலிம் கேமரா லென்ஸுக்கு அந்த எட்டுக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் வாசல்களும் அநேகமாக எட்டு எட்டுதான். ஒன்பதாவது எட்டில் தண்ணீர் ஓடும் கான் இருக்கும்.

இரண்டாயிரத்து ஆறில் ஊரே டிஜிட்டல் கேட்கத் தொடங்கியது. அழகுமுத்து கண்டிக்குப் போய் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை லென்ஸ் இல்லாமல் வாங்கி வந்தான். பழைய லென்ஸ் அதில் கச்சிதமாகப் பொருந்தியது. கடைக்காரர் ஏதோ விளக்கம் சொல்லியிருக்கிறார். பஸ்ஸுக்கு ஓடிய அவசரத்தில், அது 'கிராப்' கேமரா என்பது மட்டும் இவன் காதில் விழுந்திருக்கிறது. கிராப்பு என்றால் என் தொழில்தானே? நேராக என்னிடம் வந்து அர்த்தம் கேட்டான்.

தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னேன்.

"டிஜிட்டல்ல ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியும்டா. ஆம்பளைங்க எல்லாம் ஒட்டக் கிராப்பு வெட்டிட்டு வந்து நிக்கணும்னு அர்த்தம்."

முதல் வேலை ராக்காயி அக்கா மகள் வினோதாவின் கல்யாணம். அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டு ஆம்பிளைகள் என் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்தவர் மூக்கண்ணன். ராக்காயி அக்காவின் ஒரே அண்ணன், பெண்ணுக்குத் தாய்மாமன், டயகமவில் வேலை. நெற்றியில் ஒரு சுருள் முடியை இருபது வருஷமாகப் பிள்ளை மாதிரி வளர்த்து வைத்திருந்தார். மருமகளுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு அதையும் வெட்டக் கொடுத்தார்.

லயத்து வாசலில் வலது ஓரம் சீர்த்தட்டோடு மூக்கண்ணன் நின்றார். இடது ஓரம் பசுமாடு. அழகுமுத்து எட்டு எட்டு வைத்தான், அமுக்கினான். பேட்டரியைத் தின்னும் என்று பின்பக்கத் திரையை அணைத்தே வைத்திருந்தான்.

ஹட்டனில் கழுவி வந்த படத்தில் நடுவிலிருந்தவர்கள் எல்லோரும் மினுமினுவென்று இருந்தார்கள். இடது ஓரத்தில் ஒரு கொம்பு. வலது ஓரத்தில் ஒரு தட்டும் அதைப் பிடித்த இரண்டு கையும்.

மூக்கண்ணன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முடியும் போச்சு, மூஞ்சியும் போச்சு," என்றார். தாய்மாமனையே வெட்டியெறிந்த வீடு இது, நான் முழுசாக விழுந்த படம் சுவரில் தொங்கும்வரை இந்தப் படியேற மாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் ராக்காயி அக்கா அந்தப் படத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நான் கத்தரியோடு எட்டிப் பார்த்தேன்.

"எங்கண்ணனத் திருப்பிக் குடுங்க தம்பி. அவுக இல்லாட்டி எனக்குப் பொறந்த வீடே இல்ல."

அரை வைத்தியம் பார்த்தவன் நான், அகப்பட்டுக்கொண்டது அவன்.

கண்டிக் கடைக்காரருக்குப் போன் போட்டோம். அவர் பொறுமையாக விளக்கினார். இந்தக் கேமராவுக்குள் படம் விழுகிற தகடு சின்னது. பழைய லென்ஸ் பெரிய படமாகப் போடும், அதில் நடுப்பாகம் மட்டும்தான் விழும். பெரிய ரொட்டியைச் சின்னத் தட்டில் வைத்தால் ஓரம் வெளியே போகிற மாதிரி. இதற்கென்றே சின்ன லென்ஸ் இருக்கிறது, கொழும்பிலிருந்து வந்ததும் அனுப்புகிறேன் என்றார். வந்து சேர ஐந்து மாதம் ஆனது.

அதுவரை சும்மா இருக்க முடியுமா? அழகுமுத்து டயகம போய்க் கெஞ்சினான். மூக்கண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாசலில் மட்டும் நிற்பேன், தண்ணிகூடக் குடிக்கமாட்டேன் என்று நிபந்தனை போட்டார். அழகுமுத்து இந்த முறை கேமராவுக்குள் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தான். எட்டு எட்டிலும் மூக்கண்ணன் படத்துக்குள் வரவில்லை. ஒன்பதாவதில் அழகுமுத்து கானுக்குள் போய்விட்டான்.

விழும்போது விரல் அமுக்கிவிட்டது. அந்தப் படத்தில் மூக்கண்ணன் தலை முதல் கால்வரை முழுசாக இருக்கிறார். அவனைத் தூக்கத்தான் கையை விரித்துக்கொண்டு பாய்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பமே மறைந்துபோயிருந்தது.

"இப்ப நான்ல எல்லாரையும் வெட்டிப்புட்டேன்," என்றார். வாசலில் நின்றபடியே பால் விடாத பிளேன்டி ஒன்று குடித்தார்.

அடுத்த முறை இடது பாதி, வலது பாதி என்று இரண்டு படம் எடுத்து ஒட்டுவதாகத் திட்டம். எதற்கும் இருக்கட்டும் என்று மூக்கண்ணன் இரண்டு பாதியிலும் ஓடிப் போய் நின்றுகொண்டார். ஒட்டிப் பார்த்தால் பெண்ணுக்கு இரண்டு தாய்மாமன். சிரித்துச் சிரித்து ராக்காயி அக்காவுக்குப் புரையேறியது. அன்று மூக்கண்ணன் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்கடுத்த முறை மழை, படமே எடுக்கவில்லை. நனைந்துகொண்டு நிற்கவா முடியும்? உள்ளே போய்விட்டார்.

சின்ன லென்ஸ் வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். அழகுமுத்து எட்டு எட்டு வைத்தான், அமுக்கினான், திரையைப் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். எல்லோரும் இருந்தார்கள். மாடும் வால் வரைக்கும் இருந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். மூக்கண்ணன் மட்டும் தட்டவில்லை. மெதுவாக அழகுமுத்துவின் பக்கத்தில் வந்தார்.

"அப்ப சரியா வந்திருச்சா தம்பி? இனிமே நான் வர வேண்டியதில்ல?"

அழகுமுத்து அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு திரையை அணைத்தான்.

"கண்ண மூடிட்டீங்கண்ணே. அடுத்த ஞாயித்துக்கெழம திரும்ப எடுக்கணும்."

அடுத்த ஞாயிறு காலை, டயகமவிலிருந்து மூன்று பஸ் மாறி வந்து இறங்கிய மூக்கண்ணன் நேராக என் நாற்காலியில் உட்கார்ந்து, போட்டோவுக்குக் கிராப்பு வெட்டச் சொன்னார். போன ஞாயிறுதான் ஒட்ட வெட்டியிருந்தேன், அந்தத் தலையில் வெட்ட ஒன்றும் இல்லை. நான் துண்டைப் போர்த்திவிட்டு, காதோரமாக வெறும் கத்தரியைக் கால்மணி நேரம் சத்தம்போட விட்டேன்.