வாசலில் ஒரு நாகலிங்கக் கன்று

டாக்டர் என் மார்பிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார். அதுவரை ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன், வாசலுக்குப் போனால் அடுப்பு நினைவு வரும். விஷயத்தைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் சத்தியமே வாங்கியிருந்தேன்.

வாசலில் எனக்கு இருந்த ஒரே வேலை, புதிதாக நட்ட கன்றைப் பார்ப்பது. எங்கள் தெரு முழுக்கத் தூங்குமூஞ்சி மரம்தான் இருந்தது. ஒன்றில் விழுந்த பூச்சி எல்லாவற்றிலும் விழுந்தது. போன ஆடிக் காற்றில் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. பட்டது போதும் என்று இந்த முறை மாநகராட்சிக்காரர்கள் மகிழம், புங்கன், நீர்மருது என்று வாசலுக்கு ஒரு வகையாக வைத்தார்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு வந்தது நாகலிங்கம். அது சாமி மரம், செருப்பு விடுகிற இடத்தில் வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர் ஒரே பிடியாக நின்றதில், கன்று என் வாசலுக்கு வந்தது. என் குடும்பத்துக்கு மட்டும் ஆகுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை பார்த்தால் இலைகள் துவண்டிருந்தன. தண்டின் அடியில் பட்டை கருகியிருந்தது. சுற்றிலும் பால் காய்ந்த நாற்றம், எறும்பு. யாரோ பாலை ஊற்றி, தண்டோடு ஒட்டிக் கற்பூரம் கொளுத்துகிறார்கள். இன்னும் இரண்டு நாள் இப்படிச் சுட்டால் கன்று பிழைக்காது. அது பிழைத்தே ஆக வேண்டும் என்று எனக்குள் ஏனோ ஒரு வெறி வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் கேட்டுக்குப் பின்னால் நின்றேன். சொம்பும் தீப்பெட்டியுமாக வந்தவர் அதே அக்கா. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் வாசலில் ஆகாத மரத்தை என் வாசலில் வந்து கும்பிடுகிறாரா? வாய்க்கு வந்தபடி கேட்டேன். தெருவுக்கு வந்த கன்றைப் பக்தியாலேயே கொல்லப் பார்க்கிறீர்கள் என்றேன்.

அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"உன்ர ஊட்டுக்காரரு சொல்லிப்போட்டாரு கண்ணு. அழுதுபோட்டாரு பாவம். நான் வேண்டான்னு தள்ளுன மரமல்லோ, அந்தக் கோவம் உன்ர மேல எறங்கீரக் கூடாதுன்னுதான் வந்து கும்படறேன்."

அந்த மனுஷனுக்கு ரகசியம் தங்காது என்று திட்டத் தோன்றவில்லை. கீழே இருந்த சொம்பை எடுத்து அவர் கையில் கொடுத்து, பாலை நிறுத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். கற்பூரத்தைக் காம்பவுண்டுச் சுவரோரம் தள்ளி வைக்கச் சொன்னேன். சரியென்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வந்து நின்றது. ஏறப் போனவள் திரும்பிப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, ஒரு கற்பூரம் குடுங்க. சித்தெ தள்ளி வெச்சே பத்த வெக்கறேன்."